ஒன்பது நாள் இருந்தவன்

மூன்று குளிர்காலம் ஒரு போலந்துப் பிரபுக் குடும்பத்தின் பதினோரு தலைமுறைக் கதையை டைப் அடித்திருக்கிறேன். குளிர்காலம் என்பது அதை எழுதச் சொன்ன போலந்துக்காரரின் சொல். மட்டாஞ்சேரியில் டிசம்பரிலும் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட விடுபட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புத்தகமே எழுதப்பட்டது. அதில் ஒருவனை நான் அழித்தேன். கெட்ட எண்ணத்தில் அல்ல, களைப்பிலும், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பிலும்.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். மிளகு, ஏலக்காய், சுக்கு, எத்தனை மூட்டை, எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம். கம்பெனியை மூடியதும் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு விண்ணப்பம், களமசேரியில் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடு என்று வருகிறதையெல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அது வேறு கதை, அதை யாரும் டைப் அடிக்கச் சொல்லவில்லை. பின்னறையில் அம்மா. எண்பத்திரண்டு வயது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலும் நாற்காலியுமாக இருக்கிறாள். காது மட்டும் பாம்புச் செவி.

எங்கள் வீட்டு வரலாறு இரண்டு வரி. அப்பாவின் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து சுக்கு மூட்டை தூக்க இங்கே வந்தார். அப்பா அதே கிடங்கில் மேஸ்திரி ஆனார். அதற்கு மேலே யார், கீழே யார் என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

போலந்துக்காரர் என் மாடியறைக்கு வாடகைக்கு வந்தபோது அவருக்கு எண்பதை ஒட்டி வயது. நெட்டையான ஆள், கை மட்டும் நடுங்கும். டீ கிளாஸைப் பிடித்தால் பாதி சாஸருக்குப் போய்விடும். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து அகதிகளுக்காக மராட்டியப் பக்கம் இருந்த ஒரு முகாமில் பிறந்தவராம். அங்கே போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு பஸ் ஸ்டாண்டும் நாலு கடையும்தான் இருந்தன, யாருக்கும் ஒன்றும் ஞாபகமில்லை. மூட்டுவலிக்குச் சூடு வேண்டும், எழுதுவதற்கு மேசை வேண்டும் என்று தெற்கே இறங்கி வந்துவிட்டார். பெண்டாட்டி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அந்தப் பெயரைச் சுமக்கிற கடைசி ஆண் தான்தான் என்று வந்த அன்றைக்கே சொன்னார்.

"என்னோடு குடும்பம் முடிகிறது, மேடம். முடியட்டும். ஆனால் இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். ஒருவரும் விடுபடக் கூடாது."

நல்ல வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன். எழுதிவைத்தால் வயிறு நிறையுமா என்றும் நினைத்தேன்.

வருஷா வருஷம் டிசம்பரில் வந்து மார்ச்சில் ஊருக்குப் போவார். காலை பத்து மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வருவார். எதிரே உட்கார்ந்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். வயசான மனிதர், சொன்னதையே திரும்பச் சொல்வார். ஒரு குதிரை ஆற்றில் விழுந்த கதையை மூன்று தடவை சொன்னார், மூன்றிலும் குதிரையின் நிறம் வேறு. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. திரும்ப வருவதை நான் மஞ்சளில் குறித்து வைப்பேன், சனிக்கிழமை அவரிடம் காட்டுவேன், அவர் தலையாட்டினால் அழிப்பேன். மூன்று வருஷம் அந்த ஏற்பாடு பிசகியதில்லை.

பிரபுக் குடும்பம் என்றால் மைசூர் அரண்மனை மாதிரி என்று நினைத்திருந்தேன். அது மரத்தால் கட்டிய ஒற்றை மாடி வீடு. முற்றத்தில் நாலு பெரிய மரங்கள், தேனீக்கள் மொய்க்கும். ஊருக்குப் பாதிப் பேர் அங்கே பிரபுக்களாம். சில பிரபுக்களுக்கு ஒரு ஏரும் ஒரு மாடும்தான் சொத்து, ஆனாலும் இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டுதான் உழுவார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதை அங்கேயும் இருக்கிறதே என்று சொன்னேன். அர்த்தம் சொல்ல அரை மணி நேரம் ஆனது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து, "சாயிப்புக்கு என்ன ஆச்சு ஏட்டி?" என்று கேட்டாள். வெள்ளைக்காரர் என்றால் இங்கே சாயிப்பு.

ஒரு நாள் பழைய காகிதம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்தார். அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான கிராமத்தின் பட்டியல். அதில் குடியானவர்களைப் பெயரால் எண்ணவில்லை, புகையால் எண்ணியிருந்தார்கள். ஒரு அடுப்பு புகைந்தால் ஒரு வரி. முப்பத்தொன்பது புகை என்று போட்டிருந்தது.

"புகைக்குப் பெயர் கிடையாதா சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் எனக்கு வாய் அப்படி. என் அப்பாவின் அப்பா எந்தக் காகிதத்தில் இருந்தாலும் மூட்டையாகத்தான் இருந்திருப்பார்.

"இல்லை. அது எங்கள் குற்றம்தான். அதையும் எழுதுங்கள்" என்றார். எழுதினேன். அன்றைக்கு அவர்மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

சாவைத்தான் அவர்கள் ஜோராகக் கொண்டாடியிருக்கிறார்கள். செத்தவரின் முகத்தைத் தகரத்தில் வரைந்து சவப்பெட்டியின் தலைமாட்டில் அடிப்பார்களாம், அவரே தன் சாவுக்கு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னும் பெரிய வீடு என்றால், செத்தவரைப் போலவே உடுத்திய ஒருவன் குதிரையோடு மாதா கோயிலுக்குள் வந்து, பெட்டி முன்னால் தடாலென்று விழுவானாம். வம்சத்தின் கடைசி ஆண் போனால் குடும்பக் கேடயத்தைப் பெட்டியின்மேல் போட்டு உடைப்பார்களாம். "எனக்கு உடைக்கக் கேடயம் இல்லை, மேடம். அது எந்த வீட்டிலோ மாட்டியிருக்கிறது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

அந்தக் குடும்பத்தில் எனக்குத் தலைவலியாக இருந்தது ஒரு விஷயம். ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பையனுக்கு ஒரே பெயர். பதினோரு தலைமுறைக்கும் அதே பெயர். ஒருவன் கோட்டையைக் காத்திருப்பான், ஒருவன் சீட்டாட்டத்தில் ஒரு கிராமத்தை விட்டிருப்பான், ஒருவன் பாதிரியாரோடு சண்டை போட்டிருப்பான். யார் யார் என்று புரியாமல் நான் சுவரில் ஒரு அட்டையை ஒட்டி எண் போட்டு வைத்திருந்தேன். பதினோராவது ஆள் இவர்.

தன் அப்பா அம்மா காலத்தைப் பற்றி மட்டும் அவர் சொல்லவே இல்லை. போர் வந்தது, ரஷ்யச் சிப்பாய்கள் வீட்டை விட்டு ஏற்றிக்கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். "கடைசியில் பட்டியல் வரும், அதில் பெயர் இருந்தால் போதும்" என்றார். பட்டியல்தான் புத்தகத்தின் கடைசிப் பகுதி, இருந்தவர்கள் எல்லோரும் வரிசையாக. போன டிசம்பரில் அவர் வரும்போதே டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார், இந்தத் தடவை போய்த் திரும்பியதும் இனி விமானம் ஏறக் கூடாது என்று. மார்ச்சில் ஊருக்குத் திரும்ப வேண்டும். தூரத்துச் சொந்தங்கள் நாலு தேசத்திலிருந்து ஒரு கோயிலில் கூடுகிறார்கள், ஆளுக்கொன்றாகக் கொடுக்க ஐம்பது பிரதி வேண்டும். அதோடு முடிந்தது. கிளம்புகிற தேதியை அவரே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டியலின் கடைசித் தாளைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மறுநாள் அவருக்கு நெஞ்சுச் சளியோடு காய்ச்சல். எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பாதி நாள் அங்கே, பாதி நாள் அம்மாவிடம். நடுவில் அச்சகத்துக்காரர் போன்மேல் போன். "சேச்சி, நாளைக்கு ஃபைல் கிட்டியில்லேன்னா பின்னே மெஷின்ல வேறே வேலை கேறிடும். சாயிப்பு போறதுக்குள்ளே தர முடியாது, என்னைக் குற்றம் சொல்லக் கூடாது."

அன்றைக்கு மத்தியானம் அந்தத் தாளை அடிக்க உட்கார்ந்தேன். கோழி கிளறின மாதிரி எழுத்து. கடைசியில் அதே பெயர் இரண்டு தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக. அதே அப்பா, அதே அம்மா. மேலே உள்ள வரியில் தேதி இல்லை, ஊர் இல்லை. கீழே உள்ளதில் இரண்டும் இருந்தன, அது அவருடையது. எழுத ஆரம்பித்து, தேதியை மறந்து, கீழே இன்னொரு தடவை எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். குதிரைக் கதை மாதிரி. மேல் வரியை விட்டுவிட்டு அடித்தேன்.

அப்படி நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டை அளந்து திரும்ப வாங்கினார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று எல்லா வீட்டிலும் கேலிக்குச் சொல்வார்கள், என் விஷயத்தில் நிஜம். இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை, யாரோ தள்ளிவிட்டது என்று எமன் நினைத்துக்கொண்டு போய்விடுவானாம். பெயரும் அதற்கேற்ற பிச்சைப் பெயர். பள்ளிக்கூடத்தில் மலையாளப் பிள்ளைகள் அர்த்தம் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு, செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்று எப்படித் தோன்றும்? எமனுக்கு விலாசம் எழுதிக் கொடுக்கிற மாதிரி அல்லவா அது?

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். காய்ச்சல் இறங்கி, எழுந்து உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கலாம். ஃபைல் போய்விட்டது, மனிதரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன்.

அவர் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது களமசேரி அச்சகத்திலிருந்து ஆட்டோவில் நாலு அட்டைப்பெட்டி வந்தது. காலை பதினொரு மணி. முன்னறையில் இறக்கிவைத்து ஒன்றைப் பிரித்தேன். நல்ல அட்டை, நல்ல தாள். புத்தகத்தை நீட்டினேன். கோட்டைக் கதையைப் பார்ப்பார், அப்பா படத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விரலால் மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போனார்.

"இவன் எங்கே?"

"இதோ சார், நீங்கள்."

"இது நான். எனக்கு முன்னால் இருந்தவன் எங்கே?"

ஒரே பெயர் இரண்டு தடவை இருந்ததென்றும், மறதியில் எழுதிவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்றும் உளறினேன். சனிக்கிழமை ஏற்பாட்டை நான் மீறியதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கேட்காததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பிறகு சொன்னார். அவர்களை ஏற்றியது மாடு ஏற்றுகிற ரயில் பெட்டியில். வெளியே பனி. அவருடைய அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, நிறைமாதம். பெட்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. பாதிரியார் இல்லை. ஒரு கிழவி பலகை இடுக்கில் கையை நீட்டிப் பனியை எடுத்து, வாயில் வைத்து உருக்கி, அந்தத் தண்ணீரில் பெயர் வைத்தாள். மூத்த பையன், அதனால் குடும்பப் பெயர். ஒன்பது நாள் இருந்தான். ரயில் எங்கேயோ நின்றபோது சிப்பாய் கதவைத் திறந்து, கொடு என்றான். கொடுத்தாள். அது என்ன ஊர் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அதனால்தான் அந்த வரியில் ஊர் இல்லை. நாளும் பெட்டிக்குள் கலங்கிப்போயிருந்தது, அதனால் தேதி இல்லை.

"ரஷ்யாவிலிருந்து விடுபட்டு அகதிகளாக வந்தார்கள், மூன்று வருஷம் கழித்து உங்கள் நாட்டில் நான் பிறந்தேன். பெயர் அறுந்துபோகக் கூடாது என்று எனக்கு வைத்தார்கள். என் அம்மா என்னைக் கூப்பிடும்போதெல்லாம் என்னைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் பார்ப்பாள். சின்ன வயதில் நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன், யார் நிற்கிறார்கள் என்று. மேடம், அவனுக்குக் கல்லறை இல்லை. ஒரு காகிதம் இல்லை. இந்தப் பதினோரு தலைமுறையும் அவனுடைய ஒரு வரிக்காகத்தான் எழுதினேன்."

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கிழவர் முன்னால் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. ஒரு துண்டுத் தாளில் அடித்து ஒட்டிவிடலாம் என்றேன். "ஒட்டியது விழுந்துவிடும்" என்றார். நடுங்குகிற அவர் கையால் ஐம்பது பிரதியிலும் எழுத முடியாது. அப்படியென்றால் நான் எழுதுகிறேன் என்றேன். அவருடைய பெயருக்கு மேலே, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில், ஒரு வரி எழுத இடம் இருந்தது. கறுப்பு மைப் பேனா வாங்கி வந்தேன். பெயர். அப்பா பெயர், அம்மா பெயர். ரயிலில் பிறந்தவன். ஒன்பது நாள் இருந்தான். அவர் பிரதியைத் திறந்து என் முன்னால் வைப்பார், நான் எழுதுவேன், அவர் ஊதி உலரவைத்து மூடுவார். மாவு மில் வரிசை மாதிரி ஒரே சீராகப் போயிற்று. இருபதாவதில் மணிக்கட்டு இற்றுப்போயிற்று.

கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தவிட்டுக் கதையைச் சொன்னேன். ஏன் அழித்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "அந்த இரண்டு பேர், ஆணா பெண்ணா?" என்றார்.

"தெரியாது சார்."

"பெயர்?"

"தெரியாது."

"உங்கள் அம்மா உள்ளேதானே இருக்கிறார்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கள் வீட்டில் இதெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. செத்ததைப் பேசினால் இருப்பதற்கு ஆகாது என்பார்கள்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு பழைய பயம் என்று தெரிந்தது. இருப்பதான எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. அவர் அடுத்த பிரதியைத் திறந்து வைத்தார்.

நாலு மணிக்கு அம்மா சத்தம் போட்டாள். "ஏட்டி, சாயா ஆச்சா? காலையிலேர்ந்து ரெண்டு பேரும் என்னத்த எழுதுதீங்க?"

சாயாவை ஆற்றி அவள் கையில் கொடுத்தேன். ஒரு பிள்ளையின் பெயர் விட்டுப்போயிற்று, அதை எழுதுகிறோம் என்றேன். சாயிப்புடைய அண்ணன், ஒன்பது நாள்தான் இருந்தான் என்றேன்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். "ஒம்பது நாளா? பாவம். எம் மூத்தவன் நாப்பத்தொரு நாள் இருந்தான்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அடுத்தது பொண்ணு. நாலு மாசம். குப்புற விழுந்து, தலையத் தூக்கி என்னையப் பாக்கும். அவளுக்குத்தான் நல்ல முடி, ஒனக்கு அது கூட இல்ல."

"ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?"

"ஒங்கப்பா சொல்லப்படாதுன்னாரு. பொறவு அவரும் போயிட்டாரு. நீயும் கேக்கல." கிளாஸை என்னிடம் நீட்டினாள். "யாருமே கேக்கலையே."

பெயரைக் கேட்டேன். இரண்டையும் சொன்னாள், யோசிக்காமல், நேற்றுக் கூப்பிட்ட மாதிரி. அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு முன்னறையை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சாயிப்போட புஸ்தகத்துல ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?"

இது அவர்கள் குடும்பப் புத்தகம் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. திரும்ப வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். "இது உங்களுடையது. இதில் எழுதுங்கள்" என்றார். அவருடைய அண்ணன் பெயரை முதலில் எழுதினேன். பிறகு கடைசியில் வெறுமையாக இருந்த பக்கத்தில் தமிழில் இரண்டு வரி எழுதினேன். நாற்பத்தொரு நாள். நாலு மாதம். என் தமிழ்க் கையெழுத்து மோசம், படித்ததெல்லாம் மலையாளம். அவருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். நாக்கு வளையவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"அப்படியில்ல," என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "நீட்டிக் கூப்பிடணும்."

பிறகு, எப்படி என்று அவளே கூப்பிட்டுக் காட்டினாள்.